விலாசம் தவறிய திருமுகம்

‘பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?’ என்று கேட்கிறது நம் நாட்டுப் பழமொழி. ஏந்திய கையைக் கண்டதும் எழுகின்ற கேள்வி அது. ஆண்டியின் பரம்பரையை விசாரிக்கத் தெரிந்த அந்தப் பழமொழிக்கு, அவனை ஆண்டியாக்கியவன் யார் என்று விசாரிக்கத் தெரியவில்லை. பாமரர் வாய்மொழி அது, போகட்டும். படித்த புலவர்களாவது கேட்டார்களா? தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தைப் பாடிய தமிழ் இலக்கியம் அந்தக் கேள்வியின் வாயில்வரை வந்தது. கதவைத் தட்டாமல் திரும்பிற்று. எவ்வளவு தூரம் வந்தது, ஏன் திரும்பிற்று என்பதனை ஒரு நூலைக் கொண்டு ஆராய்வோம்.

நூலின் பெயர் பஞ்சலட்சணத் திருமுக விலாசம். ஆசிரியர் வில்லியப்ப பிள்ளை. 1899-ஆம் ஆண்டு அச்சேறியது. 1876-இல் தொடங்கிய பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட நையாண்டி நூல். கதை இதுதான்: பசியால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் சென்று முறையிடுகிறார்கள். பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் அல்லவா? பசியின் அருமை அவருக்குத் தெரியாதா? பெருமானோ கையை விரித்துவிடுகிறார். தம்மால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, சிவகங்கைச் சமீன்தார் துரைசிங்கத் தேவருக்கு ஒரு திருமுகம், அதாவது கடிதம், எழுதிக் கொடுத்து, “அவரிடம் போங்கள்” என்று அனுப்பி வைக்கிறார்.

தோழர்களே! நூல் அச்சேறிய ஆண்டை மறந்துவிடாதீர்கள். 1899! பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு மேடை போடப்படாத காலம். புலவர் என்றால் தலபுராணம் பாடவேண்டும், பிள்ளைத்தமிழ் பாடவேண்டும் என்றிருந்த காலம். அந்தக் காலத்திலே ஒரு புலவர், கோயிலைக் கட்டிக் கொண்டிருந்த சமூகத்தின் நடுவே நின்றுகொண்டு, கும்பிடப்பட்ட தெய்வத்தின் வாயாலேயே “என்னால் ஆகாது” என்று சொல்ல வைத்தார் என்றால், அந்தத் துணிவை நாம் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவது?

துணிவு மட்டுமன்று, தேர்ச்சியும் உண்டு. கடவுள் கடிதம் எழுதுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாணபத்திரன் வறுமையால் வாடியபோது, அவனுக்குப் பொருள் கொடுக்கும்படி மதுரைப் பெருமான் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதினார் என்பது பழைய கதை. அந்தத் திருமுகப் பாசுரம் பதினோராந் திருமுறையின் முதற்கண் வைத்துப் போற்றப்படுகிறது. அங்கே திருமுகம் அருளின் அடையாளம். பாடகன் ஒருவனின் வறுமை அதனால் தீர்ந்தது. வில்லியப்ப பிள்ளை அதே கடிதத்தை எடுத்தார். பாடகன் ஒருவன் இருந்த இடத்தில் பட்டினியால் துடிக்கும் மக்கட்கூட்டத்தை நிறுத்தினார். அருளின் அடையாளம் இயலாமையின் சான்றாக மாறிவிட்டது. பக்தர்கள் மனப்பாடம் செய்த கதையைக் கொண்டே பக்தியைச் சிரிக்க வைத்தார்.

இன்னொரு பழங்கதையையும் நினைத்துப் பாருங்கள். இறையனார் களவியலின் உரை கூறுவது அது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம். உங்களைப் புரக்க என்னால் இயலாது என்று புலவர்களை அரசன் வெளியே அனுப்பிவிட்டான். மழை பெய்து நாடு நாடாகியபின் அழைத்தான். எழுத்து வல்லார் வந்தனர், சொல் வல்லார் வந்தனர், பொருளதிகாரம் வல்லார் இல்லை. அரசன் கலங்கினான், ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரம் செய்து அருளினார். பன்னிரண்டு ஆண்டுப் பசிக்கு வராதவர், இலக்கணம் குறைந்ததும் ஓடி வந்தார்! அந்தப் பன்னிரண்டு ஆண்டில் மாண்ட உழவர் எத்தனை பேர் என்று அந்தக் கதை சொல்லவில்லை. வில்லியப்ப பிள்ளையோ மாண்ட மக்களைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். ‘பஞ்ச’ என்றால் ஐந்து. ‘பஞ்சம்’ என்றால் பசி. ஐந்து இலக்கணம் கற்ற புலவர் பசியின் இலக்கணத்தைப் பாட வந்தார் என்பதை நூலின் பெயரே சொல்லிச் சிரிக்கிறது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி வழக்குக்கு வருவோம்.

விலாசம் என்பது ஒருவகை நாடகத்துக்குப் பெயர். முகவரிக்கும் அதுவே பெயர். நமது கேள்வி முகவரியைப் பற்றியது. கடவுளால் ஆகாது என்றாகிவிட்டது. கடிதம் யாருக்குப் போயிருக்க வேண்டும்? சிவகங்கைச் சமீன்தாருக்கா? மழையை அவர் நிறுத்தவில்லை; தானியத்தை அவர் கப்பலேற்றவில்லை; கூலியை அவர் குறைக்கவில்லை. அவரே ஆண்டுதோறும் வெள்ளையர் அரசுக்குப் பேஷ்குஷ் கட்டி வாழ்ந்தவர். எங்கள் ஆர்க்காட்டுப் பகுதிகளிலோ நிலத்தின் பெரும்பகுதி இரயத்வாரி. உழவனுக்கும் அரசுக்கும் நடுவே சமீன்தார் இல்லை. வரி கேட்டவர் கலெக்டர். சமீன்தார் இல்லாத ஊர்க்காரர்கள் திருமுகத்தை வாங்கிக்கொண்டு எந்த வாசலுக்குப் போவது?

சரியான முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பஞ்சம் எப்படி வந்தது என்பதை முதலில் அறியவேண்டும்.

தாது ஆண்டு பொல்லாத ஆண்டு, அதனால் வந்தது பஞ்சம் என்பது பஞ்சாங்கத்தின் தீர்ப்பு. அறுபது ஆண்டுச் சுழலில் தாது 1876 சித்திரையில் பிறந்தது. அதே தாது 1936-இல் மீண்டும் பிறந்தது. 1996-இல் மீண்டும் பிறந்தது. அத்தகைய சாவு வந்ததா? வரவில்லை. பெயர் அதே பெயர். பஞ்சாங்கம் அதே பஞ்சாங்கம். பஞ்சத்தை மட்டும் காணோம். அது மட்டுமா? 1876-லிருந்து 1879-வரை வட சீனாவிலே மழை பொய்த்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். 1877-இல் பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே சியாரா மாநிலம் காய்ந்து கருகியது. அங்கெல்லாம் தாதுவும் இல்லை, ஈசுவரவும் இல்லை. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு வெப்பமேறி, உலகின் மழைப்போக்கையே புரட்டிப்போடும் எல் நினோ என்னும் நிகழ்ச்சி அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்று அறிவியல் இன்று சொல்கிறது. வானம் பொய்த்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் வானம் பொய்த்தால் வறட்சி வரும். வறட்சி வந்தால் உடனே மனிதன் சாகவேண்டும் என்பதில்லை. வறட்சிக்கும் சாவுக்கும் நடுவே ஓர் அரசாங்கம் இருக்கிறது. நமது புலவர்களின் கண்ணுக்குத் தப்பிய இடம் அதுதான்.

நாட்டிலே தானியம் இல்லையா? இருந்தது. பஞ்சத்தை ஆராய வெள்ளையர் அரசே அமைத்த குழு 1880-இல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள் ஒவ்வொன்றிலும் உணவுத் தானியம் தேவைக்கு மேல் விளைகிறது என்றும், மொத்த மிச்சம் ஆண்டுக்கு 51 இலட்சம் டன்னுக்கும் மேல் என்றும் அக்குழு கணக்கிட்டது. தெற்கே சுருண்டு விழுந்துகொண்டிருந்த நாள்களிலே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கோதுமை கப்பலேறிற்று. இருப்புப் பாதை இருந்தது, தந்திக் கம்பி இருந்தது. எந்த ஊரில் விலை ஏறிற்று என்று தந்தி சொல்லிற்று. விலை ஏறிய ஊருக்கு இரயில் தானியத்தைக் கொண்டு சென்றது. கையில் காசில்லாதவன் ஊரிலிருந்து தானியம் வெளியேறவும் அதே இரயில் உதவிற்று. நிலவரியைக் காசாகக் கட்டவேண்டியிருந்ததால், விளைந்ததை அறுத்த கையோடு விற்கப் பழகியிருந்த உழவனிடம் குதிர் காலி. கூலிக்காரனிடம் குதிரே இல்லை. மழை இல்லை, ஆகவே வேலை இல்லை. வேலை இல்லை, ஆகவே கூலி இல்லை. கூலி இல்லை, ஆகவே கடையில் அரிசி இருந்தும் அடுப்பில் உலை இல்லை. 1981-இல் அமர்த்தியா சென் தமது ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் விளக்கிய உண்மையும் இதுவே: உணவு இல்லாமையைவிட, உணவை அடையும் உரிமை இல்லாமையே பஞ்சமாகிறது.

அரசு என்ன செய்தது? 1877 சனவரி முதல் நாள் டில்லியிலே லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். விலையில் தலையிடுவது வாணிகத்தின் இயல்புக்கு மாறானது என்பது அவருடைய அரசின் கொள்கை. சென்னை அரசு மறைமுகமாகத் தானியம் வாங்கியபோது, மேலிடம் அதைக் கண்டித்தது. அதே சனவரியில் செலவைச் சுருக்க அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள்.

இந்த டெம்பிளின் கதை அறியத்தக்கது. 1873-74-இல் பீகாரில் வறட்சி வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே காத்தவர் இவர்தாம். காத்ததற்குக் கிடைத்த பரிசு வசைமொழி! பணத்தை வாரி இறைத்தார் என்று தூற்றினார்கள். வசை கேட்ட டெம்பிள் தெற்கே வந்தபோது கையைக் கெட்டியாக மூடிக்கொண்டார். நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் கூலி என்றார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்: ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லையேல் உழைக்கும் உடல் தாங்காது என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கிவந்து, ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் தந்தது. மனிதனின் உயிர் கால் ராத்தலுக்கும் அரை ராத்தலுக்கும் இடையே பேரம் பேசப்பட்டது!

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயின் பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. கால்வாய்க்குக் கவர்னர் பெயர்.

எண்ணிக்கை கேட்கிறீர்களா? பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் மாண்டோர் ஏறத்தாழ 55 இலட்சம் என்பது ஒரு மதிப்பீடு. சமத்தானங்களையும் சேர்த்து 80 இலட்சத்துக்கும் மேல் என்பாரும் உளர். அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த எங்கள் திருவண்ணாமலைக்கு வடக்கே வட ஆர்க்காடு, மேற்கே சேலம். இரண்டும் பஞ்சத்தின் கொடுமை மிகுந்த மாவட்டங்கள். 1871 கணக்கில் 19 இலட்சத்துக்கும் மேல் இருந்த சேலம் மாவட்டத்து மக்கள்தொகை, 1881 கணக்கில் 16 இலட்சத்துக்குள் சுருங்கிவிட்டது. முதலில் விழுந்தவர்கள் யார்? நிலமில்லாக் கூலிகள், நெசவாளர்கள், சேரியில் ஒதுக்கப்பட்டவர்கள். தப்பிப் பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள், கடல் கடந்த நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். பஞ்சத்துக்கு ஆண்டியானவர்கள் பரம்பரைக் கூலிகளானார்கள்!

இப்போது திரும்பிப் பாருங்கள் அந்தத் திருமுகத்தை. போகவேண்டிய இடம் சென்னைக் கோட்டை. அதற்கு மேல் கல்கத்தா. அதற்கும் மேல் இலண்டன். போய்ச் சேர்ந்த இடம் சிவகங்கை அரண்மனை!

“1899-இல் ஒரு புலவர் அரசை எதிர்த்து எழுதியிருக்க முடியுமா? சமீன்தாரை அண்டி வாழ்ந்த காலத்தில் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, அதே காலத்தில் எழுதப்பட்ட வேறொரு கடிதத்தில் இருக்கிறது. வங்காளத்து ரமேஷ் சந்திர தத்தர், 1900-ஆம் ஆண்டு, பஞ்சங்களையும் நிலவரியையும் பற்றி வைசிராய் கர்சன் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி வெளியிட்டார். அதிகமான நிலவரி உழவனின் கையிருப்பைத் துடைத்துவிடுகிறது, அதனால் ஒரு மழை தவறினாலும் அவன் வீழ்கிறான் என்று வாதாடினார். கர்சன் வாளாவிருக்க முடியவில்லை. 1902-இல் நிலவரித் தீர்மானம் என்று விரிவான மறுப்பு வெளியிட நேர்ந்தது. மறுப்புதான், ஆயினும் பதில்! முகவரி சரியாக இருந்தால் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு கடிதங்கள். ஒன்று பிச்சை கேட்டது, மற்றொன்று கணக்குக் கேட்டது.

வில்லியப்ப பிள்ளையை மட்டும் குறை கூறுவது முறையன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, அந்தப் பஞ்சத்திலே தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தவர். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். உயர்ந்த உள்ளம், ஐயமில்லை. நீதிமன்றத்தில் முன்சீப்பாக அமர்ந்து வழக்கை விசாரித்தவர் அவர். ஆயினும் அவர் எழுதிய தமிழின் முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல், பஞ்சத்தின் புகை அடங்குமுன், அச்சாகி வந்தபோது, இத்தனை இலட்சம் சாவுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு அதன் கதையாகவில்லை. ஊர்தோறும் பஞ்சக் கும்மி, கரிப்புக் கும்மி என்று சிறு நூல்கள் தோன்றின. பசியின் கோலத்தைக் கண்முன் காட்ட வந்த அந்தப் பாடல்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அழத் தெரிந்தது நம் இலக்கியத்துக்கு, புகழத் தெரிந்தது, வேண்டத் தெரிந்தது. வழக்குத் தொடுக்கத் தெரியவில்லை.

ஏன்? சோறு என்பதைத் தருமமாகவே பார்த்துப் பழகிய கண் அது. முழுநிலா நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி வரும் எங்கள் ஊரிலே, வழிநெடுகச் சோற்றுப் பந்தல். கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் இகழவில்லை. ஆனால் அந்தப் பந்தலிலே யாருக்குக் கணக்கு எழுதப்படுகிறது? கொடுப்பவனுக்குப் புண்ணியம் என்று எழுதப்படுகிறது. உண்பவனுக்கு உரிமை என்று எழுதப்படுவதில்லை. இன்று பந்தல் போட்டவர் நாளை போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று எவரும் கேட்க முடியாது. தருமத்தின் எல்லை அதுதான். கேட்க முடிந்தால் அது உரிமை. கெஞ்சத்தான் முடியும் என்றால் அது பிச்சை.

கேட்டவர்களும் அன்று இருந்தார்கள். 1877-இல் பம்பாய் மாகாணத்திலே டெம்பிள் கூலியை ஏற்க மறுத்து, நிவாரண வேலைக்காரர்கள் கூட்டங் கூட்டமாக வேலைத்தலங்களை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக சபை அவர்கள் சார்பில் அரசிடம் வாதாடிற்று. எலும்பும் தோலுமாய் நின்ற மக்கள், விதியே என்று இராமல், கூலி போதாது என்றார்கள்! எழுத்தறியாத அந்தக் கூலிகள் சரியான முகவரியைக் கண்டுகொண்டார்கள்.

முகவரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1943 சாட்சி. தாது வருடச் சாவுகளின் விளைவாக 1880-இல் குழு அறிக்கை வந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. பஞ்சம் என்று அறிவித்தால் அரசு இன்னின்ன செய்யவேண்டும் என்று எழுத்திலே வந்துவிட்டது. வங்காளத்திலே 1943-இல் மக்கள் தெருவில் செத்து விழுந்தபோது, அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை! அறிவிக்காததால் விதித்தொகுப்பு ஏட்டிலேயே உறங்கிற்று. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். சட்டம் இருந்தால் போதாது. அதைச் சொல்லிக் கேட்கும் மக்கள் வேண்டும் என்பது அந்தப் பிணங்கள் விட்டுச் சென்ற பாடம்.

அந்தப் பாடத்தைத் தமிழ்நாடு ஓரளவு கற்றது. 1920-இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய பகலுணவு, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. 1948-இல் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. திருமுகம் பெற்ற அரண்மனைகளின் அதிகாரம் முடிந்தது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பள்ளியில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளை யாருடைய கருணைக்கும் கடன்பட்டவன் அல்லன். ஆசிரியராகிய நாங்கள் அவனுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது அதுவே. ஆயினும் பங்கீட்டுக் கடையில் எடை குறைந்தால் “போகட்டும்” என்று திரும்புகிறோம். பெயர் விடுபட்டால் கும்பிட்டு நிற்கிறோம். சமீன்தாருக்குத் திருமுகம் எழுதும் பழக்கம் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பாட்டிமாருக்குப் பஞ்சப் பாட்டு ஏதேனும் நினைவிருந்தால் இன்றே எழுதி வாங்குங்கள். பழைய அச்சுக் கும்மிகள் பரணில் இருந்தால் இறக்குங்கள். அவற்றை அக்காலத்து அரசு அறிக்கைகளோடும் மக்கள்தொகைக் கணக்கோடும் வைத்துப் படியுங்கள். படிக்கும்போது மோனை எதுகை இனிக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், இந்தப் பாட்டு யாரிடம் முறையிடுகிறது, அவர்தாம் பொறுப்பாளியா என்று கேளுங்கள். வில்லியப்ப பிள்ளை கடவுளை விசாரித்து, அவரால் ஆகாது என்று நமக்கு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, உறைமேல் சரியான விலாசத்தை எழுதுவது. அது நம் வேலை.